ஆரைக்கீரையும் ஓர் அன்னையின் நிறைகோலும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்து வயல்களிலே, நீர் தேங்கும் வரப்போரங்களில் ஒரு சிறு கீரை படர்ந்து கிடப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். மெல்லிய காம்பின் நுனியில் நான்கு இலைகள் சிலுவை வடிவில் விரிந்திருக்கும். பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை, அது பெரணி இனத்தைச் சேர்ந்தது. களையெடுக்கும் பெண்கள் அதைப் பிடுங்கி வரப்பில் எறிவர். சிலர் மடியில் கட்டிக்கொண்டு போய்ப் பருப்போடு சேர்த்துக் கடைந்து உண்பர். ஆரைக்கீரை என்பது அதன் பெயர். நம் காலடியில் மிதிபடும் இந்த எளிய கீரையினத்தை எடுத்து, வலிப்பு நோயால் துன்புறுவோர்க்கு அதில் மருந்து உண்டோ என்று ஆராய்ந்தவர் ஒரு பெண்மணி, ஒரு தாய். கல்கத்தாவில் வாழ்ந்த மருந்து வேதியியல் அறிஞர் அசீமா சட்டர்ஜி அம்மையாரே அவர்.

வங்கத்தில் வாழ்ந்த ஒருவரைப் பச்சைமலைப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் நினைவுகூர வேண்டும் என்று வாசகர் வினவலாம். காரணங்கள் இரண்டு. அவர் ஆராய்ந்த மூலிகைகளிற் பல நம் மண்ணிலும் வளர்வன. அவர் மருந்து தேடிய நோயோ, நம் ஊர்களில் இன்றளவும் பல வீடுகளில் நோயாகக் கருதப்படாமல் பேயாகக் கருதப்படுவது. இவ்விரண்டையும் மனத்தில் வைத்து அவரது வாழ்வை நோக்கினால், அன்பைப் பற்றி நாம் வழக்கமாக எண்ணாத ஓர் உண்மை புலப்படும்.

மருத்துவரின் மகள்

அசீமா 1917ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை இந்திர நாராயண் முகர்ஜி ஒரு மருத்துவர். செடி கொடிகளில் நீங்காத ஈடுபாடு உடையவர். தாய் கமலா தேவி. நோயாளிகள் வந்துபோகும் வீட்டில், மூலிகைகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த மகளுக்குத் தந்தையின் ஈடுபாடு தொற்றிக்கொண்டது. எந்தச் செடி எந்த நோய்க்கு உதவும் என்பது முன்னோர் சொல்லிவைத்தது. அச்செடியினுள் இருக்கும் எந்தப் பொருள் அவ்வேலையைச் செய்கிறது என்பது முன்னோர் சொல்லாமல் விட்டது. அந்த இரண்டாம் கேள்வியே அவருடைய வாழ்நாள் கேள்வியாயிற்று.

1936இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் வேதியியலில் பட்டம் பெற்றார். 1938இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம். 1944இல் அதே பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்னும் அறிவியல் முனைவர் பட்டம். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. இதற்கிடையே 1940இல், லேடி பிராபோர்ன் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கி அதன் தலைவராகவும் பொறுப்பேற்றிருந்தார்.

இவை எளிதாக நடந்தவை என்று நாம் எண்ணிவிடலாகாது. நம் திருவானைக்காவலில் 1888இல் பிறந்து நோபல் பரிசு வரை உயர்ந்த சர் சி. வி. இராமன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த 1933ஆம் ஆண்டில், கமலா பகவத் என்ற மாணவியைப் பெண் என்னும் காரணத்தால் சேர்த்துக்கொள்ள மறுத்தார். அம்மாணவி விடாது நின்று வாதாடி, நிபந்தனைகளோடு இடம் பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1939இல் முனைவர் பட்டமும் பெற்றார். கமலா சோகோனி என்று பிற்காலத்தில் அறியப்பட்ட உயிர்வேதியியல் அறிஞர் அவரே. ஒளியின் நுட்பத்தைக் கண்டறிந்த பேரறிஞருக்கே ஒரு மாணவியின் தகுதி உடனே புலப்படவில்லை என்றால், அக்காலத்து ஆய்வுக்கூடக் கதவுகள் பெண்களுக்கு எவ்வளவு குறுகலாய்த் திறந்திருந்தன என்பதை உய்த்துணரலாம். அசீமா படித்ததும் பட்டம் பெற்றதும் அந்தக் காலத்தில்தான்.

கைக்குழந்தையோடு கடல் கடந்து

1945இல் பரதானந்த சட்டர்ஜி என்னும் வேதியியல் பேராசிரியரை அசீமா மணந்தார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு அம்மையாருக்கு வந்தது. குழந்தைக்கு அப்போது 11 மாதம்.

குழந்தையை விட்டுச் செல்வதா, வாய்ப்பை விட்டுவிடுவதா என்ற கேள்வியைத்தான் உலகம் ஒரு தாயின் முன் வைக்கும். அம்மையார் இரண்டில் எதையும் விடவில்லை. குழந்தையையும், அதனைப் பேண ஒரு செவிலித்தாயையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். முதலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அடுத்துக் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் செக்மெய்ஸ்டர் என்னும் அறிஞரிடம் ஆய்வு. பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், 1937இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற பவுல் காரரின் ஆய்வுக்கூடம். தாவரங்களில் உள்ள அல்கலாய்டு எனப்படும் வீரியமிக்க பொருள்களைப் பிரித்தறியும் கலையை அங்கு ஆழமாகப் பயின்று 1950இல் தாயகம் திரும்பினார். மூன்று நாடுகளில் தாயின் மடியில் வளர்ந்த அக்குழந்தை, பின்னாளில் தானும் வேதியியல் பேராசிரியராகித் தாயோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளும் எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாய் தன் பணியைத் தொடர்ந்தாள் என்று போற்றும்போது, அவளுக்குத் துணைநின்ற கைகளை நாம் மறந்துவிடுகிறோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து வந்த அந்தச் செவிலித்தாயின் உழைப்பும், மனைவியின் பயணத்துக்குத் தடை சொல்லாத கணவரின் மனமும் இல்லையேல் அந்த மூன்று ஆண்டுகள் அமைந்திருக்கமாட்டா. நம் பங்குகளில் படித்த பெண்கள் திருமணத்தோடு வேலையை விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். ‘அவளே விட்டுவிட்டாள்’ என்று சொல்லுமுன், அவளுக்குக் கைகொடுக்க அந்த வீட்டில் யார் முன்வந்தார்கள் என்று கேட்பது நேர்மை.

ஒரு சாக்கு இலை, ஒரு சிட்டிகைப் படிகம்

மூலிகை ஆராய்ச்சி என்றதும் நம்மிற் பலர் ஏதோ அரைத்துக் குடிப்பதைப் பற்றியது என்று எண்ணுவர். அது அப்படிப்பட்டதன்று. இலையையோ வேரையோ உலர்த்திப் பொடிக்க வேண்டும். அப்பொடியைச் சாராயம் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாற்றை இறக்க வேண்டும். அச்சாற்றில் கலந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு சாக்கு இலையிலிருந்து கடைசியில் கிடைப்பது ஒரு சிட்டிகைப் படிகமாக இருக்கலாம். அந்தப் படிகத்தின் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஆண்டுகளும் ஆகும். அதற்குப் பிறகே அது உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா, எந்த அளவில் நன்மை செய்யும் என்ற சோதனைகள் தொடங்கும்.

இத்தகைய வேலையை, பணமும் கருவிகளும் அருகியிருந்த காலத்தில் அம்மையார் செய்தார். நுட்பமான பகுப்பாய்வுக்குரிய கருவிகள் இங்கு இல்லாமையால் மாதிரிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1954இல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சேர்ந்து, 1962 முதல் 1982 வரை புகழ்பெற்ற கைரா பேராசிரியராக விளங்கினார். அவரும் அவருடைய மாணவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஏறத்தாழ 400.

அவர் கைப்பட்ட செடிகளின் பெயர்களைச் சொன்னால் நம் தோட்டத்துச் செடிகள் போலவே தோன்றும். ஆரைக்கீரையினத்தையும் இமயத்தில் வளரும் சடாமாஞ்சிலையும் கொண்டு, வலிப்பு நோய்க்கென உருவான மருந்து ஆயுஷ்-56. ஏழிலைப்பாலை, கழற்சி, கடுகுரோகிணி, இன்னொரு கசப்புப் பூண்டு ஆகிய நான்கையும் கொண்டு மலைக்காய்ச்சலாகிய மலேரியாவுக்கென ஒரு மருந்து உருவானது. சர்ப்பகந்தி இனச் செடிகளின் பொருள்களையும் அவர் ஆராய்ந்தார். நாம் கல்லறைத் தோட்டங்களில் நட்டு வளர்க்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள்: கல்லறைப் பூ என்றே நம்மவர் அதற்குப் பெயர் வைத்தனர். 1950களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள்கள், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாயின. அவ்வகை அல்கலாய்டுகளையும் அம்மையார் விரிவாக ஆராய்ந்தார். இறந்தோர் மேல் நாம் வைத்த பூ இறக்கவிருந்தோரை எழுப்பியது எனலாம்.

இவ்வகைத் தேடல் நம் திருச்சிக்கும் அயலானதன்று. தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார் 1967இல் நிறுவிய ராபினா உலர்தாவரகம், நம் பகுதியின் செடிகளை உலர்த்தி, பெயரிட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிப் பாதுகாத்து வருகிறது. பிரான்சு நாட்டினரான ராபினா அடிகளாரின் பெயர் தாங்கியது அது. 1980களில் மேத்யூ அடிகளார் வெளியிட்ட தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவர நூல்கள், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை முதலான மலைகளின் செல்வத்தைப் பதிவுசெய்தன. ஒரு செடியின் சரியான பெயரை அறிவது முதற்படி. அதனுள் இருப்பதை அறிவது இரண்டாம் படி. முதற்படியைத் திருச்சியிலும் இரண்டாம் படியைக் கல்கத்தாவிலும் பொறுமைமிக்க மனிதர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நோயா, பேயா?

வலிப்பு நோயை நம்மவர் காக்கை வலிப்பு என்பர். பிள்ளை விழுந்து துடிக்கும்போது ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பர். அது தானாக அடங்கும். சாவிதான் அடக்கியது என்பர். மறுநாள் மந்திரிக்க அழைத்துச் செல்வர். நம் திருத்தலங்களுக்கும் அப்பிள்ளைகள் கொண்டுவரப்படுகிறார்கள். கயிற்றால் கட்டப்பட்டு, தலைமுடியைப் பற்றி ஆட்டப்பட்டு, ‘யார் நீ, சொல்’ என்று அதட்டப்படும் இளம்பெண்களைக் காணாத குருக்கள் நம்மில் சிலரே. செபம் கேட்டு வருவோரை நாம் திருப்பி அனுப்புவதில்லை, அனுப்பவும் கூடாது. ஆயின் செபித்த கையோடு மருத்துவமனைக்கு வழிகாட்டாமல் விட்டால், நம்பி வந்தவருக்குப் பாதி உதவியே செய்தவர்களாவோம்.

வலிப்பு மற்ற நோய்களைப் போன்ற ஒரு நோயே, அதில் தெய்வக் குற்றம் ஏதுமில்லை என்று கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசின் மரபினர் ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தனர். நற்செய்தியில் வலிப்பினால் தீயிலும் நீரிலும் விழும் மகனோடு ஒரு தந்தை ஆண்டவரிடம் வருகிறார். மாற்கு எழுதியதைக் கூர்ந்து படிப்போர் ஒன்றைக் காண்பர்: இந்நிலை எத்தனை காலமாக இருக்கிறது என்று ஆண்டவர் அத்தந்தையிடம் கேட்கிறார். அக்கேள்வியையே மருத்துவரும் முதலில் கேட்பார். பிள்ளையை அதட்டுமுன் தந்தையின் துயரைப் பொறுமையாகக் கேட்டறிந்த செவி அது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், நோய் வேறு, அலகையின் செயல் வேறு என்று பிரித்தறிவது இன்றியமையாதது எனவும், உளநோய்களைக் கவனிப்பது மருத்துவ அறிவியலுக்கு உரியது எனவும் தெளிவாகக் கூறுகிறது. சீராக்கின் ஞான நூலோ 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரை மட்டுமன்றி, மண்ணிலிருந்து ஆண்டவர் தோன்றச்செய்த மூலிகைகளைக் கலந்து மருந்து செய்பவரையும் போற்றுகிறது. மருந்துக் கடையில் நின்று அளந்து தருபவர் முதல் ஆய்வுக்கூடத்தில் படிகத்தை நிறுப்பவர் வரை, எல்லோர்க்கும் விவிலியத்தில் ஓர் இடம் உண்டு.

அம்மையார் வலிப்புக்கென ஆராய்ந்த சடாமாஞ்சில் இன்னொரு வகையிலும் நமக்கு அறிமுகமானது. பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் காலடிகளில் பூசிய விலைமிக்க பரிமளத் தைலம், இமயத்தில் வளரும் இச்செடியின் கிழங்கிலிருந்தே வடிக்கப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. இத்தனை செலவு எதற்கு என்று அன்று ஒருவன் கேட்டான். ஏழைப் பிள்ளையின் நோய்க்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்போதும் உலகம் அதே கேள்வியைத்தான் கேட்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மூலிகை மருந்து உண்டு என்று கேட்டவுடன், மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் கீரையைக் கடைந்து கொடுத்தால் போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1912 முதல் பீனோபார்பிட்டோனும், 1938 முதல் பெனிட்டோயினும், அவற்றின் பின் வந்த பல மருந்துகளும் வலிப்பை அடக்குவதில் தேர்ந்தவை. மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. தக்க சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் இம்மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், கழுத்தருகே ஆடையைத் தளர்த்துவதும், வாயில் எதையும் திணிக்காமலிருப்பதும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் போதுமானவை. சாவி தேவையில்லை.

இந்நோய் உடலை வருத்துவதைவிடப் பெயரைக் கெடுத்து வருத்துவதே மிகுதி. வலிப்புக்காரி என்ற சொல்லால் திருமணம் தவறிய பெண்கள் எத்தனை பேர்! இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாக வைத்திருந்த வரிகள் 1999இல்தான் நீக்கப்பட்டன. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது ஊர் வாயிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

இழப்பும் உறுதியும்

1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு அம்மையாருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். 1967ஆம் ஆண்டு பேரிடியாய் வந்தது. மூலிகைகளை அறிமுகம் செய்த தந்தையும், பயணங்களுக்குத் துணைநின்ற கணவரும் அந்த ஓர் ஆண்டிலேயே மறைந்தனர். துயரத்தைத் தாங்கிக்கொண்டு அவர் மீண்டும் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார். 1975இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு இந்திய அறிவியல் மாநாட்டின் தலைமையை ஏற்ற முதல் பெண்ணும் ஆனார். 1982 முதல் 1990 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். சத்தியேஷ் சந்திர பக்ராசியோடு இணைந்து இந்திய மருத்துவத் தாவரங்களைப் பற்றி ஆறு தொகுதிகளைப் பதிப்பித்தார். 2006 நவம்பர் 22ஆம் நாள், 89ஆம் வயதில், அவரது உயிர் பிரிந்தது.

அன்பு கணக்குப் பார்க்காது என்று நாம் மறையுரைகளில் சொல்லி வருகிறோம். செலவையும் களைப்பையும் பொறுத்தவரை அது மெய்தான். ஆயினும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் தாயைப் பாருங்கள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அளவுக்கோட்டை இருமுறை பார்த்து, ஒரு சொட்டு கூடாமலும் குறையாமலும் ஊற்றுகிறாள். அன்பு மிகுந்திருப்பதால்தான் அவள் அவ்வளவு கவனமாக அளக்கிறாள். அசீமா அம்மையாரின் ஆய்வுக்கூட நிறைகோலும் அந்தத் தாயின் குப்பியும் ஒரே செயலைச் செய்தன. முன்னோர் சொன்னார்கள் என்பதால் அவர் ஒன்றை அப்படியே நம்பிவிடவில்லை; முன்னோர் சொன்னார்கள் என்பதால் இகழ்ந்து தள்ளவுமில்லை. சோதித்துப் பார்த்தார். பிறர் பெற்ற பிள்ளையின் வாய்க்குள் போகவேண்டிய பொருள் என்பதால் சோதித்துப் பார்த்தார்.

பச்சைமலையின் தென்புறநாட்டிலும் வண்ணாட்டிலும் கோம்பையிலும் வாழும் மலையாளி மக்களிடையே, எந்த வேர் எதற்காகும் என்று அறிந்த முதியோர் இன்னும் இருக்கிறார்கள். மரவள்ளி விலையைக் கேட்க மலையேறும் நாம், அவர்களிடம் இதைக் கேட்பதில்லை. அவர்களோடு அந்த அறிவும் மண்ணுக்குள் போய்விடும் நாள் தொலைவில் இல்லை. அவர்களின் பேத்திகளில் ஒருத்தி பள்ளிப்படிப்பை முடித்து, மருந்தாளுநர் படிப்பிலோ வேதியியலிலோ சேர்ந்து, பாட்டியின் வேரை ஆய்வுக்கூடத்து நிறைகோலில் வைத்துப் பார்க்கும் நாள் வரவேண்டும். வருகிற ஜூன் மாதத்தில் கல்லூரிக் கட்டணத்துக்காக நம் பங்கு அலுவலகப் படியேறும் பெண்பிள்ளையை, ‘கட்டிக்கொடுக்கப் போகிற பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு’ என்று கேட்டு அனுப்பாமல், அவளுக்கு என்ன தேவை என்று கேட்டு அமரவைப்போம். அம்மையாரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.